கயிற்றின் கடைசி ஆள்

அந்த வழிகாட்டிப் பெண் கயிற்றின் கடைசி முனையைப் பெரியம்மாவிடம் நீட்டிய கணம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நோர்வே மலைப் பனியாற்றில் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டுண்டுதான் நடக்க வேண்டும். தள்ளாடுகிறவர்கள் வழிகாட்டிக்குப் பக்கத்தில். கால் உறுதியானவர் கடைசியில், யாராவது பனிவெடிப்பில் விழுந்தால் இழுத்துப் பிடிப்பதற்கு. அந்த மலைநடைப் பயணத்துக்காகவே பெரியம்மா முதுகுப்பையில் அரிசிப் பொதியை வைத்துக்கொண்டு ஒஸ்லோவில் வீட்டுக்குப் பக்கத்து ஹொல்ம்லியாக் காட்டு மேடுகளில் மாதக்கணக்கில் ஏறி இறங்கியவர். ஒருமுறையாவது அந்த நீலப் பனியில் நடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பெரியப்பாவோ மலைக்குடிலுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே நாக்குத் தள்ளிப்போனவர். நீங்கள் எனக்குப் பின்னால், உங்கள் மனைவி கடைசியில் என்று அந்தப் பெண் அவரிடம் நோர்வே மொழியில் சொன்னாள்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. தமிழர் கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தே பழகிய பெரிய மனிதர். பெண்சாதி அவரைத் தாங்கிப் பிடிப்பதா? சிரித்த முகத்தோடு பெரியம்மாவிடம் திரும்பினார். "உம்மாலை ஏலாதாம். எல்லாருக்கும் இடைஞ்சலாம். குடிலிலை நில்லும்." பிறகு வழிகாட்டியிடம் நோர்வே மொழியில், இவளுக்குப் பயம், வரமாட்டாளாம் என்றார். ஒஸ்லோவில் பிறந்த எனக்கு இரண்டு மொழியும் விளங்கின. கொதித்துப்போய், அவர் இரண்டு பக்கமும் சொன்ன பொய்யைப் பெரியம்மாவின் காதில் சொன்னேன்.

"எனக்கும் விளங்கினது பிள்ளை. முதியோர் இல்லத்துக் குசினியிலை இத்தினை வருசமாச் சமைச்சுக்கொண்டு என்ன பாசை கதைக்கிறன்? இஞ்சை அவரை வெட்கப்படுத்தினால், வீட்டை போய் ஆர் வாங்கிக் கட்டுறது?" என்றபடி இடுப்புப் பட்டியைக் கழற்றினார். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ பனியைக் கண்டு நடுங்கினவ" என்று பெரியப்பா சொல்லிச் சிரிப்பார். பெரியம்மா கட்லட் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்.

போன மாதம் பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் விழுந்தன. பேச்சு மெல்லத் திரும்பியது, ஆனால் தமிழ் மட்டும்தான். அவ்வளவு பெருமையாகக் கதைத்த நோர்வே மொழி துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் டொக்டர் பெரியம்மாவிடம் நோர்வே மொழியில், ஒருவர் கைபிடித்து நடத்தினால் போதும், வருகிற கிழமையே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"என்னவாம்? வீட்டை எப்பவாம்?" என்று பெரியப்பா பெரியம்மாவின் கையைப் பிடித்தார்.

பெரியம்மா போர்வையை இழுத்துவிட்டார். "உங்களாலை ஏலாதாம். இனி முதியோர் இல்லத்திலைதானாம்." பிறகு டொக்டரிடம் திரும்பி, அவருக்கு வீட்டுக்கு வரப் பயமாக இருக்கிறதாம் என்று பிழையில்லாத நோர்வே மொழியில் சொன்னார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"மெய்யோ பிள்ளை?"

"ஓம் பெரியப்பா," என்றேன்.