சீஸ் சாண்ட்விச்சும் இல்லாத ஜுரமும்

எங்கள் சித்தூரில் ஒரு பிரெட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க ஒருவனுக்கு உரிமை கிடையாது. பஃப்ஸ் வாங்கலாம், பன் வாங்கலாம், கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்து ஊர்வலமே போகலாம். பிரெட் என்றால் மட்டும் வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள் என்று பொருள். ஜுரக்காரனுக்குப் பாலில் தோய்த்து ஊட்டுகிற பண்டம் அது. ஆரோக்கியமான மனிதன் ஒருவன் ஆசைப்பட்டு அதைத் தின்பான் என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொள்ளாது.

நான் ஆசைப்பட்டேன். காரணம் திருப்பதியில் என் மகன் வாங்கிக் கொடுத்த சாண்ட்விச். கண்ணாடிச் சுவரும் குளிர்பதனமும் உள்ள கடை. வெளியே கருகி, உள்ளே சில்லென்று, நடுவில் ரப்பர் ஸ்டாம்பின் அடிப்பாகம் போல ஒரு வஸ்து. கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலைக்கும் ஒரு முறை உண்டு, முறை தவறினால் வேலை கெடும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லி வந்தவன். அங்கேயும் சொன்னேன். மருமகள் சிரித்தாள்.

"அப்ப நீங்களே ஒருநாள் பண்ணிக் காட்டுங்க மாமா."

மகன் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை. அவன் அம்மா போனதிலிருந்து ஒரே பல்லவி. "தனியா அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கற நைனா? இங்க ரூம் சும்மாதான கீது."

"சித்தூர்ல எனக்கு வீடு கீது."

"சரி. உடம்புக்கு ஒண்ணுன்னு கேள்விப்பட்டேன்னா அன்னிக்கே வந்து கூட்டிக்கினு வந்துருவேன். அப்புறம் பேச்சே கெடயாது."

சரி என்றேன். என் உடம்பின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஊரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்கினேன். சீஸைத் திருப்பதியிலிருந்தே கட்டியாக வாங்கி வந்திருந்தேன். பலமனேரில் இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் அனுப்பிய வெண்ணெய் வீட்டில் இருந்தது. பாக்கி பிரெட்தான். பேக்கரிக்காரர் பாக்கெட்டை நீட்டும்போதே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"எவரிக்கி சார்? உங்களுக்கா ஜுரம்?"

"யாருக்கும் இல்லை. சாப்பிட."

"ஆமா ஆமா, வெறும் வயித்துல மாத்திர போடக்கூடாது" என்று சொல்லி, கேட்காமலே இரண்டு ரஸ்க்கையும் பையில் போட்டார்.

தெருவில் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். நார் பிடித்த கை அப்படியே நின்றது. நான் வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதுவும் தப்பு. நோயாளிதான் அப்படிப் போவான்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படட்டும். சீஸைத் துண்டு போடக் கூடாது, கேரட் துருவியில் துருவ வேண்டும். துருவினால்தான் ஒரே சீராக உருகும். பச்சை மிளகாயும் வெங்காயமும் மிகப் பொடியாக, அதுவும் வெங்காயத்தைத் துணியில் பிழிந்து ஈரத்தை எடுத்த பிறகு. வெண்ணெயை உள்ளே தடவுகிறவன் மூடன். வெளிப்பக்கம், ஓரம் வரைக்கும், மூலை கூட விடாமல் தடவ வேண்டும். தோசைக்கல்லில் காலைத் தோசையின் வாசனை இருக்கக் கூடாது. தீ மிகச் சிறியது. மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் பாரத்துக்குத் தண்ணீர் நிறைந்த செம்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகரவே கூடாது. திருப்பதிக் கடைக்காரன் நகர்ந்திருக்கிறான், வேறொன்றுமில்லை.

நான் நகரவில்லை. கூடத்தில் செல்போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. இரண்டு கையிலும் வெண்ணெய், கல்லின் மேல் சாண்ட்விச். எடுக்கவில்லை. பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். முதல் பக்கம் பொன்னிறத்துக்கு வருகிற நேரம் அது. அதற்கும் போகவில்லை. திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கமும் சிவந்து, ஓரத்தில் சீஸ் வழிந்து கல்லில் பட்டு முறுகலாகப் பொரிந்த பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் தோசைத் திருப்பியோடு கதவைத் திறந்தேன்.

எதிர்வீட்டு அம்மாள், தூக்குச்சட்டியில் கஞ்சியோடு நின்றிருந்தார்.

"எத்தினி நேரமா தட்டறது? நான் பயந்தே பூட்டேன். உம் புள்ள வேற போன் மேல போன் அடிக்கறான், நீ எடுக்கலன்னு எனக்கு அடிக்கறான்."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் சொன்னேன். பின்ன சொல்லாம?"

"எனக்கு ஜுரம் இல்லம்மா."

"ஜுரம் வந்தவங்க எல்லாம் அப்பிடிதான் சொல்வாங்க" என்று எட்டி என் நெற்றியைத் தொட்டார். ஜன்னலைச் சாத்தி, அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டு வந்த நெற்றி. "அய்யய்யோ, கொதிக்குதே!" என் கண் எதிரிலேயே என் மகனுக்கு அந்தச் செய்தியும் போனது.

ஆபீசில் ஒரு கடைநிலை ஊழியர் மேல் நடவடிக்கை எடுப்பதற்கும் முதலில் நோட்டீஸ் கொடுப்போம், விளக்கம் கேட்போம், நேரில் கூப்பிட்டு விசாரிப்போம். எனக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. சாட்சி ஒருவர், தடயம் ஒரு பிரெட், தீர்ப்பு திருப்பதியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தது.

கோபத்தில் அந்தச் சாண்ட்விச்சை ஆறவிட்டுவிட்டேன். அதற்கு இன்றைக்கும் நான் யாரையும் மன்னிக்கவில்லை.

மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். ஜுரம் இல்லை. அவள் சமையலறைக்குப் போய், கல்லையும் துருவியையும் பார்த்துவிட்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மகன் பீரோவைத் திறந்து என் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஜுரம்தான் இல்லியே. எதுக்குடா பேக் பண்ற?"

"இன்னிக்கி இல்ல நைனா. நாளைக்கி வந்தா? போன் எடுக்கல, கதவத் தெறக்கல. உள்ள வுழுந்து கெடக்கறியோன்னு அந்தம்மா அழுவுது. கார ஓட்டிக்கினு வரச்சொல்ல வழியெல்லாம் எனக்கு இன்னா ஆயிருக்கும்னு நெனச்ச?"

"சாண்ட்விச் பண்ணிக்கினு இருந்தேன்."

"அது எனக்குத் தெரியுமா?" ஒரு சட்டையை மடிக்காமலே பையில் திணித்தான். "அம்மாவுக்கும் நீ பிரெட்தான வாங்கிக்கினு வந்த. அப்பவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் எங்கிட்ட சொன்ன."

என் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது அதே பேக்கரியிலிருந்து அதே தெரு வழியாக நான் பிரெட் கொண்டு வந்தது உண்மை. எனக்கு அது மறந்திருந்தது. அவனுக்கு மறக்கவில்லை, எதிர்வீட்டுக்கும் மறக்கவில்லை. ஆனாலும் அது வேறு, இது வேறு. ஒரு வழக்கின் சாட்சியத்தை இன்னொரு வழக்கில் சேர்க்க முடியாது. பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்து வைத்தான். நான் அதையும் எடுத்தேன்.

மருமகள்தான் நடுவில் வந்தாள். "மாமா, பசிக்குது. எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க."

பண்ணினேன். கோபத்தோடுதான் பண்ணினேன், ஆனால் தீயைப் பெரிதாக்கவில்லை. அவள் ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். எதிர்வீட்டு அம்மாள் பாதியை வாங்கி, "ஜுரம் இல்லாதவங்களுக்கும் நல்லாத்தான் கீது" என்றார். மகன் தொடவில்லை. அந்த அம்மாள் கொண்டு வந்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் காலிப் பையோடு காருக்குப் போனான். போகும்போது ஒரு நிபந்தனை போட்டான்: இனிமேல் பிரெட் வாங்குவதற்கு முன் அவனுக்குப் போன் பண்ண வேண்டும். எழுபதைத் தாண்டியவன், பிரெட் வாங்க முன் அனுமதி! ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் பை மறுபடி திறந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் எனக்கு உண்மையிலேயே ஜுரம் வந்தது. பேக்கரிப் பக்கமே போகவில்லை. ரசத்தை ஊற்றிச் சோற்றைக் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மாலையில் சட்டை மாற்றி வாசலில் வந்து நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் பூ கட்டிக்கொண்டே "இன்னா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். பேக்கரிக்காரர் தன் வண்டியில் கை அசைத்துக்கொண்டு போனார். மகன் போனில் வேறு ஏதேதோ பேசிவிட்டு வைத்தான். ஜுரம் தானாக வந்து தானாகப் போயிற்று.

ஒருவர்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.