தரையில் உட்காரக் கூடாத தவில்காரன்

யுகேந்திரன் கிள்ளானில் பிறந்து கிள்ளானிலேயே தவில் கற்றவன். என் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் காலை மடக்கினாலே வலது இடுப்பில் உயிர் போகிற வலி.

ஸ்கேன் எடுத்தார்கள். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியின் விளிம்பில் இடிக்கிறதாம். கிள்ளானில் பார்த்த சர்ஜன், “இப்பவே துளை போட்டுச் செதுக்கிடலாம். விட்டா பத்து வருஷத்துல மூட்டு தேஞ்சிடும்” என்றார். பிரிக்பீல்ட்ஸ் சர்ஜன் சிவநேசன் அதே படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “யாரு சொன்னா? செதுக்கினா வலி குறையலாம். மூட்டு தேயாதுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. பிசியோ செய்ங்க. தரையில மட்டும் உட்காராதீங்க.”

ஒரே இடுப்பு, ஒரே படம். தரையில் உட்காராத தவில்காரனை எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? மாப்பிள்ளை மணையில் தாழ உட்கார்ந்திருக்க, மேளக்காரன் உயரத்தில் உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் முகம் கோணும். அந்தக் கவலை இரண்டு டாக்டர்களுக்கும் இல்லை.

கடைசியில் அவனே ஒரு குட்டை ஸ்டூல் வாங்கினான். என் வீட்டில் அதில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தோம். வலி அவ்வளவாக இல்லை. அந்த ஸ்டூலோடு போன முதல் கல்யாணம் டாக்டர் சிவநேசனின் மகளுடையது.

“இவருக்குத்தான் எல்லாம் தெரியுமேண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றான் சந்தோஷமாக.

பட்டு வேட்டியில் வந்த டாக்டர், “இடுப்பு எப்படி இருக்கு?” என்று நலம்கூட விசாரித்தார். பிறகுதான் ஸ்டூலைப் பார்த்தார்.

“இது வேணாம் லா, தம்பி. வீடியோவுல மாப்பிள்ளைக்கு மேல உங்க தலை தெரியும். கொஞ்ச நேரம்தானே, கீழ உட்காருங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். யுகேந்திரன் என்னைப் பார்த்தான், உட்கார்ந்தான். தாலி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டிமேளம் வாசித்தான். முடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. நானும் தாளக்காரரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம்.

வெற்றிலை மென்றபடி அந்தப் பக்கம் வந்த டாக்டர் நின்று பார்த்தார்.

“தரையில உட்காராதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே, தம்பி.”

சீ! அந்த மனுஷன் வீட்டு இலையில் கை வைக்காமல், அவனைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டிவந்தேன்.