சாலம்மாளும் படிக்கிணறும்

பாப்பாரப்பட்டிச் சந்தையில் உப்பு வாங்கினால்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல் முந்தானையில் முடியமாட்டாள் சாலம்மாள். கோயிலில் திருநீறு கொடுத்தாலும் யார் தொட்ட தட்டு என்று கேட்பாள். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு ஒத்தைப் பிள்ளை மாதப்பனை வைத்துக்கொண்டு கேழ்வரகுக் காட்டைக் கட்டிக் காத்தவள், யாரைத்தான் நம்புவாள்?

ஊருக்கு இருந்தது ஒரே படிக்கிணறு. படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கி எடுப்பார்கள். கோடை முடியும்போது நரம்புச் சிலந்தி வந்துவிடும். காலில் கொப்புளம் வெடித்து, நூல் மாதிரி வெள்ளைப் புழு தலைநீட்டும். எரிச்சல் உயிரை வாங்கும். மாதப்பனுக்கு அது வருசம் தவறாமல் வந்தது, அதுவும் சரியாக ஏர் பூட்டுகிற நேரத்தில். இன்னொரு வருசம் காடு தரிசாய்க் கிடந்தால் தாயும் பிள்ளையும் பிச்சைதான் எடுக்கவேண்டும்.

செய்வினை என்றே முடிவு கட்டினாள். செய்தவள் பக்கத்து வீட்டு ஓரகத்தி கோவிந்தம்மாள். எருமைக்கு மடி வற்றியதற்கே அவள் கண்தான் காரணம் என்று ஊரைக் கூட்டி, படிக்கிணற்றுப் பக்கம் தலைகாட்டாதபடி அவளை விரட்டியிருந்தாள். இப்போது அவள் வீட்டில் மட்டும் ஒருத்தருக்கும் சிலந்தி இல்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேணும்?

அந்த வருசம்தான் சுகாதார இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி வந்தார். வீடு வீடாக ஏறி, யாருக்குச் சிலந்தி வந்தது, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கிணற்றைச் சர்க்காருக்கு எழுதிக்கொள்ள வந்த ஆள் என்று சாலம்மாளுக்குப் பட்டது.

"என்னை ஏனுங்க கேக்கறீங்க? அந்தக் கோவிந்தம்மா வூட்டுல போய்க் கேளுங்க. சூனியக்காரி, அவ வூட்டுக்கு மட்டும் வராது!"

"எப்ப இருந்துங்கம்மா வர்றதில்ல?"

"நான் அவளைக் கெணத்துப் பக்கம் வராம தொரத்தினதுக்கு அப்புறம்..."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. துரத்தப்பட்ட நாள்முதல் கோவிந்தம்மாள் தன் காட்டுக் கிணற்றில் கயிறு போட்டு, மேலே நின்று சேந்திய தண்ணீரைத்தான் குடித்தாள்.

"போன ஊர்லயும் இதே கதைதாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "புழு வந்த காலை நனைச்சா குஞ்சு தண்ணியில எறங்கிடுது. அதைக் குடிச்சவங்களுக்கு அடுத்த வருசம் புழு வருது. படியை அடைச்சிட்டு ராட்டினம் போட்டுச் சேந்துங்க."

எரிச்சல் அடங்கட்டும் என்று மகனைத் தினமும் அந்தப் படியில் காலை நனைத்து உட்காரவைத்தவளே சாலம்மாள்தான்.

அதற்காக நம்பிவிட்டாளா? ஊகூம். பாட்டன் வெட்டின கிணற்றை மூடுவதாவது என்று ஊர் இன்ஸ்பெக்டரைத் திருப்பி அனுப்பியது. அவளும் கூடவே கத்தினாள். பொழுது சாய்ந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கோவிந்தம்மாள் வாசலில் போய் நின்றாள்.

"என் தண்ணியில என்ன கலந்திருக்கோ, குடிச்சுப்புடுவீங்களா அக்கா?" என்று குத்தினாலும் கோவிந்தம்மாள் தண்ணீர் ஊற்றினாள். சாலம்மாள் தான் ஒரு வாய் குடித்து, விடியும்வரை ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துத்தான் மகனுக்குக் கொடுத்தாள். அதன்பின் தினமும் அவனுக்கு அந்தத் தண்ணீர்தான். தன் வயிற்றுக்கு மட்டும் அவள் தயவு வேண்டாம் என்று வீம்பாகப் படிக்கிணற்றிலேயே குடித்துவந்தாள்.

மறுவருசம் மாதப்பன் ஏர் பூட்டினான். காலில் ஒரு பொட்டு இல்லை. கொப்புளம் வெடித்தது சாலம்மாளுக்கு.

எரிச்சல் பொறுக்காமல் கிணற்றுக்கு ஓடினாள். மேல்படியோடு நின்று, அங்கேயே குந்திவிட்டாள். கீழே தண்ணீர் குளுகுளுவென்று கிடந்தது.

"எறங்கி நனைச்சுக்கக்கா" என்றாள் ஒருத்தி.

"புழுக்காலோட எவளாச்சும் எறங்குனீங்க, காலை ஒடைச்சுப்புடுவேன்! ஒரே வூடு, ஒரே களி, தண்ணி மட்டும் வேற. அவன் அங்க ஏர் ஓட்டறான், நான் இங்க துடிக்கறேன். கண்ணு இருந்தா பாத்துக்குங்கடி. அந்த இன்ஸ்பெக்டரை வரச்சொல்லுங்க, படியை அடைக்க மொதக் கல்லை நானே போடறேன்."

சத்தம் கேட்டுக் கோவிந்தம்மாள் குடத்தோடு வந்தாள். சாலம்மாளைக் கைத்தாங்கலாகக் கிணற்றைவிட்டுத் தள்ளி உட்காரவைத்து, எரிகிற காலில் தண்ணீரைச் சாய்த்தாள்.

சாலம்மாள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்தக் கெணத்துத் தண்ணிடி இது?"

"என் கெணத்துதுதான், அக்கா."

காலை மெல்ல நீட்டினாள் சாலம்மாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.