பஞ்சில் போன துளி

தேளின் வாலில் கம்பியை வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால், கொடுக்கின் நுனியில் முதலில் தண்ணீர்போல ஒரு துளி வரும். அதைப் பஞ்சால் ஒற்றி எறிந்துவிட்டு, அடுத்துப் பால்போல வரும் விஷத்தைத்தான் அவள் சிறு குழாயில் பிடிப்பாள். பதினான்கு வருஷமாக இதே பழக்கம். வேலை பழக்கியவர் அப்படித்தான் காட்டியிருந்தார்.

விஷத்திலிருந்து புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கூடம் அது. நானூறு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்கு ஒரு தேள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஒரு கொட்டுகூட வாங்காமல் அத்தனையையும் கட்டி மேய்த்தாள். வீட்டில் ‘தேள்காரி’ என்று கேலி செய்வார்கள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடிக்கும். கூடத்தை நடத்தும் மேடம் எழுதும் கட்டுரைகளின் கடைசியில், பொடி எழுத்தில் நன்றி சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதில் ஒரு நாள் தன் பெயர் வரும் என்று யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தாள்.

போன வருஷம் வேலை கூடியபோது, வீட்டில் சும்மா இருந்த நாத்தனாரை அவளேதான் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது ஒரே மாதத்தில் புரிந்தது. காவலாளி முதல் மேடம் வரை எல்லோருக்கும் நாத்தனார் செல்லமாகிவிட்டாள்.

“அண்ணி, இந்த மூணாம் நம்பரு அண்ணன் மாதிரியே இருக்குல்ல? சீண்டினாத்தான் அசையுது.”

“வேலையப் பாரு.”

மேடம் சிரித்தார். பதினான்கு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட மேடத்தைச் சிரிக்கவைத்ததில்லை.

நாத்தனாருக்குப் பஞ்சு விஷயம் தெரியாது. முதல் துளியையும் வேறொரு குழாயில் பிடித்து, எண் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இவள் பார்த்தாள். திட்டு வாங்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

நாத்தனார் லீவில் இருந்த ஒரு நாள், மேடம் ஒரு குழாயோடு வந்தார்.

“இந்தத் தெளிஞ்ச துளியத் தனியா எடுத்து வச்சது யாரு? புற்றுநோய் செல்கள விஷத்தவிட இதுதான் நல்லா வளரவிடாம நிறுத்துது. நல்ல செல்களத் தொடவே இல்ல.”

“நான்தான் மேடம்.” யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“எப்படி எடுத்தீங்க, காட்டுங்க.”

தேளை இடுக்கியால் பிடித்துக் கம்பியை வைத்தாள். துளி வந்தது. அவள் கை பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டது.

மேடம் பஞ்சைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்தது என் நாத்தனாரு மேடம்,” என்றாள். “தெரியாம செஞ்சா. நான் பாத்துட்டு, திட்டு வாங்கட்டும்னு சொல்லாம விட்டேன்.”

“இத்தன வருஷத்துல பஞ்சுல எவ்வளவு போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டார் மேடம்.

கட்டுரை வந்துவிட்டது. நன்றி சொல்லும் இடத்தில் நாத்தனாரின் பெயர் மட்டும் இருக்கிறது. தங்கையின் பெயர் வந்த அந்தப் பக்கத்தை அவள் கணவன் நகலெடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறான். அன்று நடந்ததை மேடமும் வெளியில் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மருந்து இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில்தான் வேலை செய்கிறார்கள். அண்ணியுடைய வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருக்கிறது.