பச்சைக் கொடியும் நான் செய்த இரண்டு ஜெபங்களும்

பிரியமானவர்களே, உயிரோடு ஒருவனைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். எனக்குப் பேச்சு வராது. கடைசல் இயந்திரத்தில் இரும்போடு மல்லுக்கட்டிப் பழகியவன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுபத்தாறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, நான் ஒரு பச்சைக் கொடியைத் தூக்கினேன். அடுத்த நிமிடம், என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன் மார்பில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவனை எடுத்துப்போடும் என்று பத்து நாளைக்கு முன்புதான் நான் முழங்காலில் நின்று ஜெபித்திருந்தேன்.

அவன் பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரன், முருக பக்தன். ஊரில் டெலிபோன் மெக்கானிக்காக இருந்தவன். நான் பாளையங்கோட்டைப் பக்கம். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம், மெல்பர்ன் புறநகர் கிளேட்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்போது மெல்பர்னில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவதே அபூர்வம். கிடைத்த ஒரே தமிழனை நான் என்ன செய்தேன் தெரியுமா? கேலி செய்தேன்.

ஆமாம் என்பதற்கு அவன் "ஓம்" என்றால், "என்னலே, பூசை ஆரம்பிச்சாச்சா?" என்பேன். காலையில் வெளியே கிளம்பும்போது "போட்டு வாறன்" என்பான். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். "எதைப் போட்டு வர்றே, முட்டையா?" என்று கேட்பேன். ஒரு வருடம், தினமும். தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்கள் முன்னாலும் அவனைப் போலப் பேசிக் காட்டுவேன். அவர்களுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவன் குசினியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். நான் வழக்கம்போல முட்டைப் பேச்சை எடுத்தேன். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இன்னொருக்கா சொல்லிப் பார்."

சொன்னேன். கன்னத்தில் அறைந்தான். நான் அவன் வாயில் குத்தினேன். முன்பல் பாதி உடைந்து என் விரலில் ஏறியது. அவன் நாற்காலியைத் தூக்கி என் முதுகில் அடித்தான். கீழே விழுந்த பிறகும் நான் அவனை விடவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினேன். கண்ணாடி, தட்டு, எண்ணெய், இரத்தம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. கடைசியில் கைகால் ஓய்ந்துதான் விலகினோம். சமாதானமாகி அல்ல.

என் அறையில் முழங்காலிட்டேன். மனந்திரும்புவதற்கு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. "ஆண்டவரே, இவனை என் கண் முன்னாலிருந்து எடுத்துப்போடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனம் சிதறாமல் நான் ஜெபித்ததே இல்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஃபோர்மன் ஃபிராங்க் பனிச்சறுக்குச் சங்கத்தில் முக்கியமானவர். மெல்பர்ன் பக்கம் ஆகஸ்ட் பனிக்காலம் அல்லவா? அந்த வருடம் வெளிநாட்டு வீரர்கள் வரும் பனிக்காலப் போட்டி ஒன்று எங்கள் மாநிலத்து மலையில் நடந்தது. அதில் ஆண்களுக்கான பயத்லான் ஸ்பிரிண்ட். பத்து கிலோமீட்டர் பனியில் சறுக்கி ஓட வேண்டும். நடுவில் இரண்டு தடவை ஓட்டத்தை நிறுத்திச் சுட வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு ஐந்து குண்டு, பிறகு நின்றுகொண்டு ஐந்து. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் தண்டனையாக ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவன், சிவநேசன் டெலிபோன்காரன் என்பதால் போட்டியில் உதவ இருவரையும் ஃபிராங்க் முன்பே கேட்டு வைத்திருந்தார். கொடுத்த வாக்கை மீற முடியவில்லை. அவருடைய காரில் மலை ஏறும்வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுடுகிற இடத்தில் கொடியோடு நான். சிவப்பு என்றால் யாரும் சுடக்கூடாது, பச்சை என்றால் சுடலாம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி, இலக்குப் பலகைகளுக்குக் கீழே வெட்டிய குழியில் அவன். பலகையில் பலூன்களைக் கட்டுவது அவன் வேலை. இருவருக்கும் நடுவே கையால் சுற்றுகிற ராணுவ டெலிபோன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று ஃபிராங்க் சொல்லியிருந்தார். நாங்கள் தமிழிலேயே பேசினோம். பேச்சு என்று சொல்ல முடியாது, உறுமல்.

பத்து மணிக்குமேல் காற்று அடித்துப் பலகைகள் சாய்ந்தன. சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அவன் வெளியே போய் நாலாவது பலகையை நிமிர்த்தினான். வீரர்கள் பாயில் படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நேரம் போகிறது என்று கத்தினார்கள். பனி கொட்டியதில் பலகைகள் நிழலாகத்தான் தெரிந்தன. குழியிலிருந்து டெலிபோன் மணி அடித்தது.

"நாலு சரி. ஆறு இருக்கு. போட்டு வாறன்."

வைத்துவிட்டான்.

என் காதில் விழுந்தது இதுதான்: நாலு சரியாகிவிட்டது, ஆறு இருக்கிற இடத்தில் இருக்கிறது, எல்லாம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சிவப்பை இறக்கினேன். பச்சையைத் தூக்கினேன்.

துப்பாக்கிகள் வெடித்தன. இப்போது இந்தப் போட்டியில் சுடுகிற சின்னக் குண்டு இல்லை, போரில் சுடுகிற பெரிய குண்டு. காது அடைத்தது. ஆறாவது பாயில் படுத்திருந்தவர் பின்லாந்துக்காரர். முதல் குண்டில் பலூன் உடைந்தது. இரண்டாவது குண்டுக்கு அவர் மூச்சைப் பிடித்தபோது, ஆறாவது பலகைக்கு மேலே ஒரு கறுப்புக் கையுறை தெரிந்தது. அதில் சுத்தியல் இருந்தது.

கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. சுத்தியல் கீழே விழுந்தது.

கொடியை எறிந்துவிட்டு ஓடினேன். முழங்கால் வரை பனி. இரண்டு பக்கமும் குண்டுகள் சாட்டை வீசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. எனக்கும் ஒன்று படட்டும் என்றுதான் இருந்தது. சிவநேசன் மல்லாந்து கிடந்தான். இடது தோளுக்குக் கீழே சட்டை கிழிந்து, இரத்தம் கொப்பளித்து வந்தது. வெள்ளைப் பனியில் அது வேகமாகப் பரவியது. இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

சத்தம் நின்றது. பின்லாந்துக்காரர் ஓடி வந்து பார்த்தார். திரும்பிப் போய்த் தன் துப்பாக்கியை ஒரு பாறையில் அடித்து அடித்து உடைத்தார். ஃபிராங்க் என் சட்டையைப் பிடித்து வாயில் ஒரு குத்து விட்டார். "அவன் என்ன சொன்னான்? ஆங்கிலத்தில் சொல்!" என்று கத்தினார்.

ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறு இன்னும் இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? ஒரு வருடம் தினமும் காலையில் கேட்டவன் அல்லவா நான்? உலகத்தில் வேறு எந்தப் பாளையங்கோட்டைக்காரனுக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். பிறகு எப்படி என் கை பச்சையைத் தூக்கியது? நீ வேண்டுமென்றே செய்தாயா தங்கராஜ் என்று என்னையே கேட்டேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கிறாரோ?

அந்த இடத்தில், வாயில் இரத்தத்தோடு, என் இரண்டாவது ஜெபத்தைச் செய்தேன். "ஆண்டவரே, அன்றைக்குக் கேட்டது வேண்டாம். அதற்குச் செவிகொடாதேயும். இவனை எடுக்காதேயும், என்னை எடுத்துக்கொள்ளும்." அழுதுகொண்டு உளறினேன்.

யாரோ என் கையைத் தள்ளினார்கள். ஐந்தாவது பாயில் படுத்திருந்த சுவீடன்காரர். நாலு பலூனை உடைத்துவிட்டு, ஐந்தாவது குண்டைச் சுடாமலே ஓட்டத்தை விட்டு வந்தவர். அவர் தன் நாட்டு ராணுவத்தில் அறுவை மருத்துவர். பிரியமானவர்களே, எத்தனையோ பேர் ஓடுகிற போட்டியில், அந்த நிமிடம், பக்கத்துப் பாயில்! மார்பில் கட்டியிருந்த போட்டி எண் துணியைக் கிழித்துக் காயத்துக்குள் திணித்தார், விரலை உள்ளே விட்டு எதையோ அழுத்திப் பிடித்தார். ஸ்லெட்ஜில் மலை இறங்கி ஆம்புலன்ஸில் ஏறும்வரை அந்த விரலை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மலையிலேயே முடிந்திருக்கும் என்று பிறகு மெல்பர்ன் டாக்டர்கள் சொன்னார்கள்.

போலீஸ் கேட்டபோது, தவறாகக் கேட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். சண்டையைச் சொல்லவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலை அவன் கண் திறந்தான். என்னைப் பார்த்தான். உடைந்த பல் தெரியக் கேட்டான்.

"நீ வேணுமெண்டே கொடியைத் தூக்கினனியோ?"

"தெரியல சிவநேசா. சத்தியமா எனக்கே தெரியல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. உன்னை எடுத்துப்போடச் சொல்லி ஜெபம் பண்ணினேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நானும் உனக்கு அப்பிடித்தான் முருகனிட்டக் கேட்டனான்" என்றான். "அண்டைக்கு இரவே. நேர்த்தி கூட வைச்சனான்."

சிரிக்கப் போய், வலியில் முனகினான். நான் அவன் கட்டில் கம்பியில் தலையை வைத்து அழுதேன். ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்!

அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சண்டையையும் சொன்னேன், ஜெபத்தையும் சொன்னேன். அந்த அதிகாரி சண்டையை எழுதிக்கொண்டார். ஜெபத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார். விசாரணை நடந்தது, விபத்து என்று முடிந்தது. என் மனதுக்குள் அது முடியவில்லை. எட்டு மாதம் காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டேன். அவன் பேசினால் இப்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். புரியவில்லையென்றால் இரண்டாம் தடவை கேட்கிறேன். என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது வரும்போது முழங்காலில் நிற்காமல், முதலில் முகத்தைக் கழுவுகிறேன்.

உங்களில் யாராவது, மனம் கொதிக்கிற நேரத்தில் ஒருவன் பெயரை ஆண்டவரிடம் கொடுத்திருக்கிறீர்களா? நாத்தனார், மேலதிகாரி, கூடப் பிறந்தவன், யாராக இருந்தாலும் சரி. இன்றைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அவர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். அதோ, கடைசி பெஞ்சில் நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். சிவநேசா, எழுந்து நில். இடது கை தோளுக்குமேல் வராது. வலது கையைத் தூக்குகிறான், பாருங்கள்.