கட்டாத நண்டுகள்

பட்டணத்துக் கடைத்தெருவில் நண்டை யாரும் கொடுக்கைக் கட்டித்தான் விற்பார்கள். என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓர்ப்படி, கட்டவே மாட்டாள். கூடையைத் திறந்து, ஈரக் கோரையை விலக்கி, நண்டுகளை அப்படியே ஊரவிட்டு உட்கார்ந்திருப்பாள். வாங்க வந்தவர்கள் விரலில் கடிபட்டு எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் திட்டுக்காகவே பழவேற்காட்டிலிருந்து மாதாமாதம் உப்புப் படகில் தொற்றிக்கொண்டு போன இரண்டு பைத்தியங்கள் நாங்கள்.

அவள் விற்க வரவில்லை, மகளைத் தேடி வந்தாள். ஏரி வற்றிய பஞ்சத்தில் நாள் முழுக்கத் துழாவினாலும் கையில் சேறுதான் வந்தது. அப்போது எங்கள் ஊர்க் கோட்டையில் எழுத்து வேலை பார்த்த ஓர் ஒல்லாந்து வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குச் சிறுபெண் கேட்டார்கள். பெற்றவள் தயங்கினாள். "அனுப்புக்கா, அங்கயாவது சோறு துண்ணும்" என்று சொன்னவள் நான்தான். பெண்ணுக்குப் பத்து வயது. அடுத்த ஆண்டே கோட்டை இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. அந்த வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சென்னப்பட்டணத்துக்குக் குடிபோய்விட்டார்கள். எந்தத் தெரு என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. முகம் மாறியிருக்கும், பெயரைக்கூட மாற்றியிருப்பார்கள், ஆனால் கைப்பழக்கம் போகாது என்பது ஓர்ப்படியின் நம்பிக்கை. ஏரியில் கையால் நண்டு பிடித்து வளர்ந்தவர்கள் நண்டைப் பார்க்காமலே, பின்னங்கால் முளைக்கும் இடத்தில் இரண்டு விரலால் பற்றித் தூக்குவார்கள். பட்டணத்தாருக்கு அது வராது. வீட்டு வேலைக்காரி கடைத்தெருவுக்கு வராமலா இருப்பாள், வந்தால் நண்டைப் பார்த்துச் சும்மாவா போவாள் என்பாள். அதனால் வருகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள்.

எனக்கோ கண் ஓரிடத்தில் நிற்காது. வளையல் கடை, கிளிக் கூண்டுகள், எங்கள் ஊர்த் தறியில் நெய்த கட்டம்போட்ட துணியையே ஏதோ அதிசயம்போல் கூவி விற்கிறவன், எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு திரிவேன். அவள் கண்டிக்க மாட்டாள். ஓர்ப்படி செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. அந்த வளையல்களை ஆசையாகப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் அப்படித் தேடிப் போகத் தொடங்கிய நாலாவது வருடம் ஒரு நடுப்பகல். வெற்றிலைக்காரியோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், திரும்பிப் பாராமலே எங்கள் கூடைக்குள் கைவிட்டு, இருந்ததிலேயே பெரிய நண்டைப் பின்னங்காலோடு பற்றித் தூக்கினாள். ஓர்ப்படி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் திரும்பினாள். அகன்ற மூக்கு, மோவாயில் மச்சம். எங்கள் பெண் இல்லை.

எங்கள் பேச்சைக் கேட்டதும் அவள் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஏரிக்கரையிலேயே எளாவூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரி, அதே பஞ்சத்தில் வேறொரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவள். ஓர்ப்படியின் கையை உதறாமல் கேட்டாள்: "எங்கம்மா வந்துச்சா? என்னிய தேடிச்சா?"

அந்தக் குப்பம் பஞ்சத்தோடு ஆளில்லாமல் போனது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தேடாம இருப்பாளா?" என்றாள் ஓர்ப்படி. "மாசாமாசம் வரா. வேற தெருவுல குந்திகினு கீறா."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. எஜமானியம்மா தேடுவாள் என்று சொல்லி, நண்டோடு எழுந்து ஓடினாள்.

திரும்பும் படகில் எண்ணூர் தாண்டியதும் ஓர்ப்படி கேட்டாள்: "எம் பொண்ணாண்ட எவளாவது இப்டி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?"

"சொல்லியிருப்பாக்கா" என்றேன். அனுப்பு என்று சொன்ன அதே வாயால்.