குழாய்த் தண்ணீர்

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவள் இன்பமணி. இருந்தவள் என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் உயிரோடுதான் இருக்கிறாள். இன்றும் பாளையங்கோட்டையில் அதே பள்ளிக்குத்தான் காலை ஒன்பது மணிக்கு வருகிறாள். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறாள். ஏன் அங்கே போனாள் என்பதை, அலுவலக எழுத்தர் தில்லைநாயகமாகிய நான்தான் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்பமணி குள்ளம். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் அளவு பார்க்க ஸ்டூலில் ஏறுவாள். திரவம் இறங்க இறங்க அவளும் இறங்கி, கடைசியில் குத்தவைத்துப் பார்ப்பாள். கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லுமாம்.

"என்ன இன்பமணி, தோப்புக்கரணமா? உங்க சர்ச்சுல அது கிடையாதே!" என்று சீண்டுவேன்.

"நீங்க வருகைப் பதிவேடு எழுதுத மாதிரி நானும் குத்துமதிப்பா பாத்தா பிள்ளைய பெயிலாயிரும் அண்ணாச்சி" என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பிள்ளைகளிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவாள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், பைய ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். தலைமுடியை முடிந்துகொள்ளாத பிள்ளைக்கு அடுப்புப் பக்கம் இடம் கிடையாது. பெயர் எழுதாத சீசா ஒன்றைக்கூட அலமாரியில் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் கை வெந்ததில்லை.

போன பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உப்பைக் கொடுத்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். உப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரண்டு வரும். அப்படி வந்தால் குளோரைடு. இதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் நம் நாக்குக்குத் தெரியாத உப்பும் அந்தச் சொட்டுக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர் வடிக்கும் கருவி இரண்டு நாளாகப் பழுது. பேட்டரிக் கடையிலிருந்து இன்பமணி வாங்கி வைத்திருந்த வடித்த தண்ணீர்க் கேன் முதல் அணிப் பிள்ளைகளோடு தீர்ந்துபோனது.

"அரை மணி நேரம் பொறுங்க சார், இன்னொரு கேன் வாங்கிட்டு வந்துருதேன்" என்றாள், வேதியியல் ஆசிரியர் ஜாஸ்பரிடம்.

"எக்ஸாமினர் பஸ்ஸுக்குப் போணும்ங்காரு. தாமிரபரணித் தண்ணிக்கு என்ன குறைச்சல்? பாபநாசத்துல இருந்து வருதுல்லா! குழாய்லயே பிடிங்க."

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. அமிர்தம் என்பார்கள். ரசாயனம் படித்த மனிதரும் அதைத்தான் சொன்னார்.

"நான் பிடிக்க மாட்டேன் சார்."

"அப்ப நானே பிடிக்குதேன்."

அன்று சாயந்தரம் இன்பமணி என்னிடம் சொன்ன இந்தப் பேச்சு நடந்தபோது ஆய்வகத்தில் இன்னொருத்தி இருந்தாள். இயற்பியல் ஆய்வக உதவியாளர் பிரிஸில்லா, பீக்கர் கடன் கொடுக்க வந்தவள். இன்பமணிக்கு இரண்டு வயது மூத்தவள். இருவரும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு, மதியம் ஒரே பெஞ்சில் சாப்பாடு.

இன்பமணி அலுவலகத்துக்கு ஓடிவந்து, வெளியே போகும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேன் வாங்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பதினான்கு பிள்ளைகள் குளோரைடு என்று எழுதியிருந்தார்கள். அன்று கொடுத்த உப்புகளில் குளோரைடே கிடையாது. எக்ஸாமினர் நல்லவர், புதுக் கேனைப் பிரித்து மறுபடி செய்ய வைத்தார். பிள்ளைகள் தப்பித்தார்கள்.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் விசாரணை. எழுதிக்கொள்ள நானும் இருந்தேன்.

"இன்பமணிதான் குழாய்த் தண்ணிய நிரப்பி வச்சுட்டு வெளிய போயிட்டாங்க. கேன் வாங்குனது தப்ப மறைக்கத்தான்" என்றார் ஜாஸ்பர். கண்கூட இமைக்கவில்லை. பதினெட்டு வருஷம் அவள் கரைத்துக் கொடுத்த கரைசலை வைத்துப் பாடம் நடத்திய மனிதர்.

இன்பமணி அழவில்லை. மூன்று சோதனைக் குழாய்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் தேர்வு சீசாவில் மிஞ்சிய தண்ணீர். "மூணுலயும் ஒரே அளவு. சொட்டும் ரெண்டு ரெண்டுதான். தண்ணி மட்டுந்தான் வேற" என்று சில்வர் நைட்ரேட் சொட்டை விட்டாள். முதல் குழாய் தெளிவாகவே நின்றது. மற்ற இரண்டும் ஒன்றுபோலக் கலங்கின.

"சரிதான், குழாய்த் தண்ணிதான்" என்றார் ஜாஸ்பர். "அதப் பிடிச்சது யாருன்னு அந்தச் சொட்டு சொல்லுமா?"

இன்பமணி தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள். "பிரிஸில்லாக்காவக் கூப்பிடுங்க மேடம். அவ்வொ அங்கனதான் நின்னாவ."

பிரிஸில்லா வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் கவனிக்கலை மேடம்."

அதை நான் எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். இன்பமணி வெளியே போனாள் என்பதற்கு என்னிடம் பதிவேடு இருந்தது, சொன்னேன். வெளியே போனதை யார் மறுத்தார்கள் என்றார் தலைமையாசிரியை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஆய்வகத்திலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் நூலகம் என்று உத்தரவு வந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பா என்று கேட்டுவிட்டு இன்பமணி சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து மதியம், புத்தகப் பட்டியல் வாங்க நூலகத்துக்குப் போயிருந்தேன். பிரிஸில்லா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள்.

"ஏளா, எம் மவளுக்கு அடுத்த மாசம் நம்ம பள்ளிக்கூடத்துலயே வேலைக்கு இன்டர்வியூ. ஜாஸ்பர் சார் கமிட்டியில இருக்காரு. நான் என்னளா செய்ய?"

இன்பமணி பசைக் கையைத் துணியில் துடைத்தாள்.

"இத அன்னைக்குக் காலையிலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா. உன்னக் கூப்பிட்டிருக்கவே மாட்டேனே. அவரு சொன்ன பொய் எனக்கு வலிக்கல. எங்கிட்ட சொன்னா நான் உம் மவளுக்காக வாய மூடிக்கிட்டிருப்பேன்னு உனக்குத் தோணல பாத்தியா, அதுதான் என்னால தாங்க முடியல."

பிரிஸில்லா தூக்கைத் திறந்து மேஜையில் வைத்தாள். இன்பமணி தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல உக்காந்து சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.